பன்னிரண்டாவது ஸ்லைடு

போன வாரம் ஒரு மாலை, வீட்டில் இணையம் நின்றுபோனது. மாணவர்களின் புராஜெக்ட் ரிவ்யூவை ஆன்லைனில் நடத்திக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்த பையன் வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துவிட்டான். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அது பதினோராவது குழு. எல்லோரும் ஒரே முன்னுரையை வாசித்தார்கள். நானும் எல்லோருக்கும் ஒரே 'குட்' சொல்லி முடித்திருந்தேன்.

மறுநாள் காலை லைன்மேன் வந்தார். ஐம்பதை ஒட்டிய, அவசரமே இல்லாத மனிதர். சுவரிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, முடி போன்ற அந்தக் கண்ணாடி இழையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். ஸ்பிரிட் வாசனை என்றால் மற்றவர்களுக்கு ஊசியும் நர்ஸும்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஸ்பிரிட் பாட்டில் வைத்திருந்த ஒரு கல்லூரி லேபின் இரும்பு அலமாரி வந்தது. அலமாரிக்குப் பின்னாலேயே என்னோடு படித்த தபஸ்ஸும் வந்தாள்.

"இங்க ஒண்ணும் ஃபால்ட் இல்ல மேடம். ஃபைபர்ல லைட்டே வரல" என்றவர் ஆபீஸுக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு என்னைப் பார்த்து, "பாலத்துகிட்ட பள்ளம் தோண்டினாங்களாம். கேபிள் கட் ஆயிட்ச்சாம்" என்றார்.

"ஒண்ணு கட் ஆனா இன்னொரு லைன் இருக்குமேண்ணா?"

"இருக்குது. அதுவும் அதே பாலத்து மேலதான் போவுது. ரெண்டும் சேந்து போயிட்ச்சி."

நான் சிரித்துவிட்டேன். "இன்னா மேடம் சிரிக்கிறீங்க?" என்று அவர் பார்த்தார். டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். எனக்கு அந்த விஷயம் பதினான்கு வருடங்களாகத் தெரியும்.

அப்போது நான் எம்.ஈ. படித்துக்கொண்டிருந்தேன். ஆப்டிகல் நெட்வொர்க்ஸ் என்று ஒரு பாடம். அதற்கு இரண்டு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். ஒரே ரயிலில் வருகிறவர்கள் ஒரு குழு என்று எங்கள் கைடு பிரித்துவிட்டார். தபஸ்ஸும் வாணியம்பாடியில் ஏறுவாள், நான் ஆம்பூரில். ஆம்பூர் வருவதற்குள் பக்கத்துச் சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்காக இடம் பிடித்திருப்பாள். வெளியூர்க்காரர்கள் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடைக்கு மூக்கைப் பொத்தும் இடத்தில்தான் நாங்கள் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிடுவோம். அந்த வாடை எங்களுக்குத் தெரியவே தெரியாது.

நாங்கள் எடுத்த தலைப்பு, அறுந்தாலும் நிற்காத வலையமைப்பு. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இரண்டு வெவ்வேறு வழியில் கேபிள் போடுவது. ஒன்று அறுந்தால் ஒளி மற்றதில் திரும்பிப் போய்விடும், பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆய்வு என்ற பெயரில் கட்டுக்கட்டாகக் கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்தோம். நான் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படிப்பேன். நடுவிலிருக்கும் கணக்கையெல்லாம் அவள் பென்சிலை வைத்துக்கொண்டு படிப்பாள். ஸ்லைடுக்கு நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, எழுத்துகள் பறந்து வந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் என் பங்கு. அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள்.

அவளுடைய மாமா ஒருவர் கேபிள் புதைக்கும் கான்ட்ராக்டில் இருந்தார். அவரிடமிருந்து எங்கள் பக்கத்துக் கேபிள் வழியின் படம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கோடு, தோல் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஊர்வழியாக ஒரு கோடு. ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் அடித்தேன். கம்ப்யூட்டரில் எதை அறுத்துவிட்டாலும் எங்கள் வலை நிற்கவில்லை. எனக்கு அதோடு போதும். அவளுக்குப் போதவில்லை.

"ஒரு தடவ நடந்து பாத்துடலாம்டி" என்றாள்.

அவளுடைய அப்பாவுக்குத் தோல் தரம் பிரிக்கிற வேலை. மேல்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிப் போட்டு, கத்தி பட்ட இடம் இருக்கிறதா என்று உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் ஒரு தோலையும் எடுக்க மாட்டாராம். இவளும் எதையும் அப்படித்தான் பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் ஜெராக்ஸோடு இருவரும் நடந்தோம். சைக்கிளில் போனவர் நிறுத்தி, "இன்னாம்மா, ரோட்ட அகலம் பண்றீங்களா?" என்று கேட்டார். ஓர் அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "எங்க செவுத்த மட்டும் இடிச்சிடாதீங்க கண்ணு" என்றார். எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. ஊர்வழிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பாலத்தில் போய் நின்றோம். பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி இரண்டு கறுப்புக் குழாய்கள் போயின. நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. எங்கள் சிவப்பும் நீலமும்தான்.

இரண்டு கோடும் ஆற்றைத் தாண்ட அந்த ஒரே பாலம்தான்; எங்கள் ஜெராக்ஸ் படத்தில் ஆறே இல்லை. படம் போட்டவர் விட்டுவிட்டார் என்றால், ஆற்றங்கரையிலேயே பிறந்த நாங்களும் விட்டுவிட்டோம். தண்ணீர் ஓடிப் பார்த்திருந்தால் நினைவிருந்திருக்கும். எங்களுக்கு அது மணல், முள்செடி, மாடு மேயும் இடம்.

தபஸ்ஸும் பாலத்தின் மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ஆறு இருக்கறதயே மறந்துட்டோமேடி!" பிறகு எழுந்து, இரண்டு குழாய்களும் சேர்ந்து தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படம் எடுத்தாள். அந்தப் படம்தான் எங்கள் பன்னிரண்டாவது ஸ்லைடு. புராஜெக்டிலேயே நாங்களாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

கைடு அதைப் பார்த்துவிட்டு, "சிலபஸ்ல பாலமெல்லாம் இல்லம்மா. ஸ்லைடு ஜாஸ்தியா இருக்கு, பாத்துக்குங்க" என்றார். எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல் மதிப்பெண் வாங்குகிறவரை அடுத்த வருடம் அதே கல்லூரியில் லெக்சரராக எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். அவளுக்கும் வேண்டியிருக்கலாம், நான் கேட்டதில்லை. நிற்கவே நிற்காத வலை என்று சொல்லிவிட்டு அது நிற்கும் இடத்தை நாங்களே காட்டுவதா என்று தோன்றியது. மடிக்கணினி என் கையில் இருந்தது. தேர்வாளர் முன்னால் புராஜெக்டைக் காட்ட வேண்டிய நாள் காலையில், அவள் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், அந்த ஸ்லைடை மறைத்து வைத்தேன். அழிக்கவில்லை, மறைத்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது.

கடைசிப் பகுதி அவளுடையது. "இப்ப ஒரு முக்கியமான படம்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். 'நன்றி' என்று மஞ்சள் எழுத்து பறந்து வந்தது. பின்னால் போய் மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் நன்றி. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார்: "ஒரு கேபிள் கட் ஆனா?"

"இன்னொண்ணுல போயிடும் சார். நிக்கவே நிக்காது" என்று நான் முந்திக்கொண்டேன்.

அவர் அவளைப் பார்த்தார். "ரெண்டு வழியும் எங்கயும் ஒண்ணா சேராதாம்மா?"

அவள் கையில் செல்போன் இருந்தது; அதில் படம் இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சேராது சார்" என்றாள்.

எங்களுக்குத்தான் முதல் மதிப்பெண்.

திரும்பும் ரயிலில் குடியாத்தம் தாண்டியதும், "அந்த ஸ்லைடு எங்கடி?" என்றாள். நேரம், கைடு என்று ஏதோ உளறினேன். "சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன். நீ கேட்டு நான் எத மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?" என்றாள். ஆம்பூரில் நான் இறங்கும்போது, "என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டியே" என்றாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதனால் அவசரமாக இறங்கினேன்.

சண்டை எதுவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் பஸ்ஸில் வந்தாள். பார்க்கும்போது "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டோம். வேலைக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. படிப்பு முடிந்ததும் பெங்களூர் போனாள். வேலை எனக்குக் கிடைத்தது, இன்னமும் அதில்தான் இருக்கிறேன். கோடை வந்தால் கல்லூரியில் சேர்க்கப் பிள்ளை பிடிக்க வீடு வீடாகப் போகிறேன், மற்ற மாதங்களில் ஃபைல் தயாரிக்கிறேன். மாணவர்களிடம் நானும் "ஸ்லைட கம்மி பண்ணுங்கப்பா" என்கிறேன்.

டீயைக் கொடுத்துவிட்டு, பழைய கோப்பைத் தேடித் திறந்தேன். பன்னிரண்டாவது ஸ்லைடு சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது. மறைப்பை எடுத்துவிட்டு லைன்மேனிடம் திருப்பிக் காட்டினேன். அதைப் பார்க்கிற முதல் வெளியாள் அவர்தான்.

"அட, நம்ம பாலம்! பழைய கைப்பிடி. இப்ப இடிச்சிட்டு வேற கட்டிட்டாங்களே" என்று குனிந்து பார்த்தார். "அப்பவே ரெண்டும் ஒண்ணாத்தான் போயிருக்குது. யாரு மேடம் கண்டுபிடிச்சது?"

"என் தோஸ்த் ஒருத்தி."

அவர் டீயை ஊதிக் குடித்தார். "அப்பவே யார்கிட்டயாவது காமிச்சிருக்கலாமே மேடம்" என்றார்.

அவர் போன பிறகும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைப்பிடி இப்போது இல்லை. சேர ஆளில்லாமல் எங்கள் எம்.ஈ. படிப்பையே மூடிவிட்டார்கள், லேபில் ஃபைல்கள் அடுக்கியிருக்கின்றன. படத்தின் கீழ் ஓரத்தில், குழாய்களின் மேல், செல்போனைத் தூக்கிப் பிடித்த தபஸ்ஸுமின் நிழல் விழுந்திருக்கிறது. அவளுடைய வேறு படம் என்னிடம் இல்லை. பழைய எண்ணுக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்து, கன்னடத்தில், யார் வேண்டும் என்று கேட்டார்கள்.