வட்டமாய்த் துடைத்த சீடிகள்

வட்டை வயலுக்குள் கிளி விரட்டக் கட்டிய சீடி வெயிலில் திரும்பிக் கண்ணைக் குத்தும்போதெல்லாம், களுவாஞ்சிக்குடியில் இப்போது இல்லாத அந்த வாடகைச் சீடிக் கடையின் ஊதுபத்தியும் பிளாஸ்டிக் உறையும் கலந்த வாசம் எழும். அந்த வாசத்துக்குள், வாடகைக்குப் போய்த் திரும்பி வரும் ஒவ்வொரு சீடியையும் சாரன் நுனியால் வட்டவட்டமாய்த் துடைத்தபடி, "கீறிப்போட்டுப் பொய்யும் சொல்றாய்" என்று சனத்துக்கு முன்னால் என் அக்காவை அழவைத்த முதலாளி நிற்பார்.

படம் சீடியில் சுருளாய் ஓடும் நுண்குழிகளில் இருக்கிறது. குறுக்குக் கீறலை இயந்திரம் தாண்டிவிடும். சுருளோடு ஓடும் கீறல்தான் படத்தைக் கொல்லும் என்று பிறகு படித்தேன். கீறியது அவருடைய சாரன்.

கடை மூடியபோது எல்லாச் சீடிகளையும் நானே வாங்கினேன். இன்று அந்த முதலாளி வயல் வரம்பில் வந்து நின்று, "இதெல்லாம் எண்ட சீடியா புள்ள?" என்றார்.

"ஓம் மாமா. எச்சம் பட்டுக் கிடக்கு. முந்தி மாதிரி வட்டமாத் துடைச்சு விடுங்க."