காருக்குள் குடித்தனம்

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அவளிடம் படித்தவர்கள் நேரில் ‘அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பினாயில் அக்கா’. சும்மா வந்த பட்டப்பெயர் இல்லை. அவள் காரில் ஏறும் முன் செருப்பைத் தரையில் தட்டியாக வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கென்றே சாய்மானத்தில் போட ஒரு துண்டைத் தனியாக வைத்திருந்தாள். காருக்குள் தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். சூயிங்கத்துக்குக்கூட அனுமதி கிடையாது. கிளட்சை எத்தனை தடவை சொதப்பினாலும் பொறுத்துக்கொள்வாள். டேஷ்போர்டில் ஒரு கைரேகை பதிந்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

வீட்டில் அவளும் கணவரும்தான். அவர் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். வீட்டை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை. கார் நிற்பது அதில். கொட்டகைக்குப் பின்னால் மூடியும் மூடாமலும் ஒரு சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கும்போதே படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவள் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மழை ஓய்ந்து, கட்டைப் பிரித்து, அவள் நொண்டி நொண்டிக் கொட்டகைக்குப் போகிறவரை கார் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. ஈரத் துணியும் மூத்திரமும் கலந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாடை. ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தைக் குடைந்து பஞ்சை உருவியிருந்தது ஏதோ. இருக்கை மேல் கருஞ்சீரகத்தைக் கொட்டினாற்போல் புழுக்கை. பதற்றத்தில் கியர் கம்பியைப் பிடித்துவிட்டாள், உள்ளங்கை பிசுபிசுத்தது. அந்தக் கையை உடம்பில் எங்கேயும் பட விடாமல், அது தன் கையே இல்லை என்பதுபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பானெட்டைத் திறந்தாள்.

பேட்டரிக்குப் பக்கத்தில் கூடு. இருக்கைப் பஞ்சு, நூல், சருகு, கிழிந்த காகிதம் எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. அதன் நடுவே கண் திறக்காத எலிக்குஞ்சுகள், தோலுரித்ததுபோல் சிவப்பாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தன. ஒன்று மல்லாந்து விழுந்து காலை உதைத்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குடித்த காப்பியைக் கொட்டகை வாசலிலேயே கக்கிவிட்டாள்.

மெக்கானிக் வந்தார். எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்காத மனிதர். கூட்டை அப்படியே கையோடு அள்ளி ஒரு பழைய டப்பாவில் போட்டு அப்புறப்படுத்திவிட்டு, கடித்து வைத்திருந்த வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

“ஓடுற வண்டின்னா அதுங்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும்க்கா. நிறுத்திப் போட்டா அதுதான் வீடு. மறைவு இருக்கு, மெத்தை இருக்கு, வாடகை கேக்க ஆள் இல்ல. வேற என்ன வேணும்?”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“உள்ள திங்கிறதுக்கு எதாவது வெச்சிருந்தீங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “என் வண்டியிலயா? என்னைப் பாத்து இந்தக் கேள்வி கேக்கலாமா நீங்க?”

பக்கத்தில் நின்ற கணவர் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருக்கையை மாற்றி, வயரை மாற்றி, சோப்புத் தண்ணீரால் காரைக் குளிப்பாட்டி எடுத்தாள். பாடங்கள் மறுபடி தொடங்கின. ஆனால் ஒரு வாரம் கழியுமுன் டேஷ்போர்டுக்குக் கீழே மறுபடியும் புழுக்கை. தங்கையிடம் போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

“அக்கா, புகையிலைய மூட்டை கட்டித் தொங்க விடு. அதுக்கு அந்த வாசனையே ஆகாது” என்றாள் தங்கை. மறுநாள், “பாச்சை உருண்டைய மூலைக்கு மூலை போடு” என்றாள். அதற்கு அடுத்த நாள் புதினாத் தைலம். அக்கா மூன்றையும் செய்தாள். காருக்குள் உட்கார்ந்தால் மருந்துக்கடையும் பீடிக்கடையும் ஒன்றாகத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் தும்மினார்கள். எலிகள் மட்டும் தும்மியதாகத் தெரியவில்லை. புகையிலை மூட்டையையே கிழித்துக் கூட்டுக்குக் கொண்டுபோயிருந்தன.

கடைசியில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு விஷக் கட்டி வாங்கி வந்து இருக்கைகளுக்கு அடியில் வைத்தாள். “தின்னதும் தாகம் எடுக்கும். தண்ணி தேடி வெளிய ஓடிரும். வெளியதான் சாகும்” என்று அடித்துச் சொல்லியிருந்தார் அவர். அதைப் போய் எலியிடம் யார் சொல்வது?

நாலைந்து நாள் கழித்து ஓட்டிப் பழக வந்தவள் ஒரு தையற்காரி. பொறுமையானவள், நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்ததால் ஏசியைக் கூட்டினாள் அக்கா. முதலில் லேசாகத்தான் இருந்தது. வெளியே எங்கோ குப்பை எரிகிறது என்று நினைத்தார்கள். கண்ணாடியை ஏற்றியதும் அது முழுசாக வந்தது: இனிப்பாக, கனமாக, அழுகல் நாற்றம், குளிர்ந்த காற்றில் கலந்து நேராக மூக்குக்குள்.

“அக்கா... என்னால முடியல.” தையற்காரி வாயைப் பொத்தினாள்.

“ஓரமா நிறுத்து. இண்டிகேட்டர் போடு. கண்ணாடிய பாரு...”

பாடம் சொல்லும் வாய் நிற்கவில்லை. கார் நின்ற அதே நொடி ஏசி துவாரத்தின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒன்று நழுவித் தையற்காரியின் மடியில் விழுந்து நெளிந்தது. புழு. இன்னொன்று துவாரத்தின் விளிம்பில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அலறிக்கொண்டு இறங்கிய வேகத்தில் கதவு பேருந்து நிறுத்தக் கம்பத்தில் மோதியது. நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து வாந்தி எடுத்தார்கள்.

மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே ஏசி காற்றாடிக்குப் பக்கத்தில் செத்து உப்பிப்போய்க் கிடந்தது ஒரு எலி; பாதி கரைந்த உடம்பு, காற்றாடி இறக்கையில் சுற்றிக்கொண்ட வால். இம்முறை அவரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்.

“வண்டிக்குள்ள மட்டும் விஷம் வைக்கவே கூடாதுக்கா. சாகுறது அது, சாவு வீடு நமக்கு” என்றார். காற்று உள்ளே போகும் வழிக்கு நெருக்கமான கம்பி வலை அடித்தார். அடித்தட்டில் ரப்பர் மூடி போன ஓட்டைகளை அடைத்தார். “தினமும் கொஞ்சமாவது ஓட்டுங்க. நிறுத்தினதும் பானெட்டைத் தூக்கி வெச்சிருங்க, வெளிச்சம் பட்டா அதுக்கு ஆகாது. கொட்டகையில எலிக்கூண்டு வைங்க. எல்லாத்துக்கும் மேல...” என்று இழுத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருந்த கூட்டிலிருந்து எடுத்த சிலவற்றை ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினார். பளபளப்பான பிஸ்கட் உறைத் துண்டுகள். வேர்க்கடலைத் தோல். “கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் புதுசு. உள்ள யாரோ தின்னுக்கிட்டு இருக்காங்க.”

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. யாரோ ஒரு மாணவிதான். வேறு யார்? கைப்பையில் எப்போதும் ஏதாவது கொறிக்க வைத்திருக்கும் ஒருத்தி இருந்தாள், பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறவள். அவளை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“என் வண்டியில பிஸ்கட் தின்னியா?”

“ஐயோ, இல்லக்கா!”

“உன் பைல இருக்கிறது என்ன? வேர்க்கடலைதானே? உன்னாலதான் எலி. உன்னாலதான் புழு. படிச்ச பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?”

அந்தப் பெண் கண்ணில் நீர் முட்ட ஒரு நிமிடம் நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். அப்புறம் வரவேயில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் அவள் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்து போனாள். பாதி வழியில் மருந்துச் சீட்டை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினாள். கொட்டகையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மெல்லிய குரலில் ரேடியோ.

கணவர் காரின் பின்னிருக்கையில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். மார்பில் விரித்த செய்தித்தாள். அதன் மேல் பிஸ்கட் பொட்டலம், ஒரு குவியல் வேர்க்கடலை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பிஸ்கட்டின் ஓரத்தை முன்பற்களால் சின்னச் சின்னதாகக் கரம்பிக்கொண்டிருந்தார். தாடை நிற்காமல் ஆடியது. சட்டைப் பொத்தான்களின் இடுக்கெல்லாம் தூள். அவளுக்குப் பேட்டரி பக்கத்தில் பார்த்த கூடு கண்முன் வந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த மனிதரைப் பார்த்து வயிறு குமட்டியது இதுதான் முதல் தடவை.

“என்னங்க!”

அவர் துள்ளி எழுந்தார். கடலை உருண்டு இருக்கைக்கு அடியில் ஓடியது.

“இது எத்தனை நாளா நடக்குது?”

“உனக்குக் கால் உடைஞ்சதுலேர்ந்து” என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. பொய் சொல்லவும் அவருக்கு வராது.

“புழுக்கை கெடந்துச்சே! அதுக்கு நடுவுலயா உக்காந்து தின்னீங்க?”

“பின்சீட்ல அவ்வளவா இல்ல. தட்டி விட்டுட்டுத்தான் உக்காருவேன்.”

“எதால தட்டினீங்க?”

அவர் தன் கையைப் பார்த்தார்.

“சீ! கருமம், கருமம்! அந்தக் கையாலயே எடுத்துத் தின்னுட்டு, அதே கையால எனக்குக் காப்பி வேற போட்டுக் குடுத்தீங்களே! ஒரு பச்சப்புள்ளைய வாசல்ல வெச்சு நான் கிழிச்சப்போ ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்திரும்?”

“தப்புதான்.” அவர் செய்தித்தாளை மடித்தார், மடித்ததும் அதிலிருந்த தூள் எல்லாம் இருக்கையில் கொட்டியது. “நான் என்ன பண்றது, சொல்லு. ஹால்ல உக்காந்தா சோபா கறையாயிரும்ங்கற. சமையலறையில உக்காந்தா துணியோட பின்னாலயே நிக்கற. வாயில போட்டதை முழுங்கறதுக்குள்ள தட்டு கழுவப் போயிருது. நான் பிஸ்கட்ட எங்க நின்னு தின்னேன் தெரியுமா? பாத்திரம் கழுவுற தொட்டிகிட்ட, தலையை உள்ள விட்டுக்கிட்டு. எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க?”

“அப்போ எலியோட எலியா இங்கயே கெடங்க!”

கதவை அறைந்துவிட்டு உள்ளே போனாள். கோபம் அடங்க அடங்க, தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு தின்னும் ஓய்வுபெற்ற நூலகர்தான் மனக்கண்ணில் நின்றார். அவர் அப்படித் தின்பதை அவள் பார்த்திருக்கிறாள். நல்ல பழக்கம் என்றுகூட நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பு, புழுவைப் பார்த்ததைவிடச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கைக் காப்பியை நினைத்தபோது இரண்டு தரம் எழுந்து போய் வாய் கொப்பளித்தாள்.

மறுநாள் பல் மருத்துவரின் உதவியாளருக்குப் போன் செய்தாள். “நீ தின்னல. என் வீட்டுக்காரர்தான். நான் உன்னைப் பேசினது தப்பு” என்றாள்.

“பரவாயில்லக்கா. நான் வேற எடத்துல சேந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள். அதைப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

அதன்பின் வீட்டின் பின்பக்க ஜன்னலோரம் ஒரு மேசையும் நாற்காலியும் வந்தன. அங்கே உட்கார்ந்து அவர் என்ன வேண்டுமானாலும் தின்னலாம்; அவர் எழுந்திருக்கிறவரை அவள் துணியோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. சொல்வது சுலபம். அவர் வாயிலிருந்து தூள் உதிரும் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி அவளுக்கு விரல்கள் பரபரக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். பதிலுக்கு, கொட்டகையின் எலிக்கூண்டு முழுக்க அவர் பொறுப்பு.

முதல் எலி விழுந்த காலையில் அவர் கூண்டைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெரிய எலி. கம்பியைக் கடித்துக் கடித்து அதன் மூக்கில் ரத்தம் கசிந்தது.

“கார்ல கொண்டுபோய் எங்கயாவது தூரமா விட்டுட்டு வரலாமா?” என்றார் அவர்.

அவள் முறைத்தாள். கூண்டின் மேல் பழைய துணி ஒன்றைப் போட்டு மூடிக்கொண்டு, ஊரைத் தாண்டிய காலி நிலத்துக்கு நடந்தே போனார். வெயில் ஏறித் திரும்பும்போது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“போகவே மாட்டேன்னுச்சு. கூண்டைத் தலைகீழாக் கவுத்து, தட்டித்தான் விட்டேன்.”

“கையைக் கழுவுங்க.”

“அங்கயே குழாய்ல கழுவிட்டேன்.”

“மறுபடியும் கழுவுங்க” என்றாள். அவர் கழுவி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றிருந்து, பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குக் கிளம்பினாள்.