பல் கட்டுகிறவரின் பொய் முட்டைகள்

ஊரார் வாய்க்கெல்லாம் பல்செட் செய்து கொடுக்கும் என் மருமகன், தன் வாயை மட்டும் திறக்கவே மாட்டார். என் மகளைக் கட்டி இருபது வருஷம். அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு மத்தியானத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். மிச்சப் பேச்சைப் பின்னறைக் கூண்டுகளில் வளர்க்கும் கேனரிக் குருவிகளிடம் கொடுத்துவிட்டார் போலும்.

அவற்றில் ஒரு மஞ்சள் ஆண் குருவி பாடினால், தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டுப் போவார்கள். அது போன மாதம் செத்துப்போயிற்று. நாலாம் நாள் அதன் ஜோடி முட்டையிட ஆரம்பித்தது. அதுவும் வயதான பெட்டை. இனி முட்டையிடுமோ இடாதோ. செத்ததன் வம்சத்தில் மிச்சம் இந்த முட்டைகள்தான்.

கேனரி காலைக்கு ஒரு முட்டையாக இடும். முதல் முட்டையிலேயே அடைக்கு உட்கார்ந்தால் முதல் குஞ்சு முன்னால் பொரித்துப் பெரிதாகி, கடைசிக் குஞ்சை மிதித்துவிடும். அதனால் இவர் முட்டையை அன்றன்றே எடுத்துப் பஞ்சுப் பெட்டியில் வைத்துவிட்டு, கூட்டில் பொம்மை முட்டை ஒன்றைப் போடுவார். நாலாவதை இட்டதும் நிஜங்களைத் திருப்பி வைப்பார். எல்லாம் ஒரே நாளில் பொரிக்கும். பெட்டியில் இருப்பவற்றைக் காலையும் மாலையும் புரட்டுவது என் வேலை.

பொம்மையை அவரே செய்வார், பல் அச்சுக்கு ஊற்றும் வெள்ளை மாவில். இளநீலம் பூசி, பழுப்புப் புள்ளி வைத்து, எடைகூட ஒத்துவர உள்ளே குடைந்திருப்பார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வம்தான் காலை வாரியது. நாலாவது முட்டை விழுந்த அன்று மூன்று நிஜத்தையும் மூன்று பொம்மையையும் மேஜையில் வைத்திருந்தபோது, பல்செட் உடைந்த ஒருவர் வாசலில் வந்து கத்தினார். போய்ப் பேசி அனுப்பிவிட்டு வந்தவர், மூன்றை எடுத்துக் கூட்டில் வைத்தார். மற்ற மூன்றும் பெட்டிக்குப் போயின.

மறுநாளும் நான் பெட்டி முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அது பொம்மை. அதைப் புரட்டி என்ன பண்ணப் போறீங்க?"

"புரட்டச் சொன்னது நீங்கதானே? கை பழகிப்போச்சு. உங்க பொம்மை ஒண்ணும் தேஞ்சுபோயிடாது."

"அம்மாகிட்ட வாயைக் குடுத்தா மீள முடியாதுங்க," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

குருவி அடைக்கு உட்கார்ந்த ஆறாம் நாள் அவர் கூட்டு முட்டைகளைச் சின்ன டார்ச்சில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் சிவப்பு நூல் நூலாக ரத்தம் ஓடியது. மற்ற மூன்றில் வெளிச்சம் நுழையவே இல்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொம்மையை அடைகாக்க வச்சுட்டேன் அத்தை. நிஜம் ஆறிப்போச்சு. எல்லாம் போச்சு."

"எங்கே போச்சு? ஒருவேளைகூட விடாம புரட்டியிருக்கேன். தூக்கி வைங்க மாப்பிள்ளை!"

வைத்தார். உயிர் பிடித்த ஒன்றை, அதே நாளில் அடைக்கு உட்கார்ந்த பக்கத்துக் கூண்டுப் பெட்டையிடம் மாற்றினார். அது பதிமூன்றாம் நாள் பொரித்தது. ஆனால் கிழட்டுப் பெட்டைக்கு, தாமதமாக வைத்த முட்டைகள் பொரிக்க இன்னும் ஆறு நாள் பாக்கி. நாள் தாண்டினால் குருவி எழுந்து போய்விடும் என்றார்.

பதினாலாம் நாள் எழுந்துவிட்டது. கூட்டின் விளிம்பில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டைவிரல் அளவு உடம்பு. அதற்கு நாள்கணக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அதை மீறலாம் என்று யார் சொன்னது? அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, இறகை விரித்து மறுபடி அமர்ந்துகொண்டது. நான் பெட்டியில் செய்த அதே வேலை.

பதினெட்டாம் நாள் ஒரு முட்டையை எடுத்து என் காதோரம் வைத்தார்.

"கேளுங்க அத்தை."

டொக். கொஞ்சம் பொறுத்து, டொக். ஓட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எத்தனை பிள்ளை பெற்றேன், இந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் இரண்டு பொரித்தன. ஒன்று பொரிக்கவில்லை. கண் திறக்காத குஞ்சு ஒன்று, உடம்பைவிடப் பெரிதாக, செக்கச்செவேலென்று வாயைப் பிளந்தது. ஊர் வாயெல்லாம் பார்த்த மனிதர், அந்த ஒரு வாயைப் பார்த்து ஏங்கி ஏங்கி அழுதார்.

அன்றைக்கே பொம்மை முட்டைகளுக்கு வேறு சாயம் பூசினார், பல்செட்டின் ஈறு நிறத்தில். பார்க்கச் சகிக்கவில்லை. நல்லது.