இரண்டாவது மன்னிப்பு

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. கூடவே வேலை பார்த்த கூட்டாளி கிறிஸ்தவன். டீக்கடையில் இருவருக்கும் ஓயாத சாமிச் சண்டை.

"மன்னிப்புன்னு ஒண்ணு இருக்குடா" என்பான் அவன்.

"செஞ்சவன் தப்பிச்சிடுவான், பட்டவனுக்கு யாருடா பதில் சொல்றது? கர்மா யாரையும் விடாது" என்பார் இவர். சண்டை முடிந்ததும் ஒரே பைக்கில் வேலைக்குக் கிளம்புவார்கள்.

ஒருநாள் அவன், தன் அப்பாவை லாரி ஏற்றிக் கொன்ற டிரைவரை அம்மா மன்னித்ததைச் சொன்னான். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உங்கப்பா போன ஜென்மத்துல என்ன பண்ணாரோ" என்றார். நான் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் பளாரென்று விட்டிருப்பேன். அவன் அதோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடாது. பழுது பார்க்கும்போது ஒரு துண்டு வயரைப் போட்டு அதை ஓட வைப்பார்கள். போட்டவன் "வயர் போட்டிருக்கேன்" என்று கத்த வேண்டும். மற்றவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குள் அப்படியொரு பழக்கம். மறுநாள் பேச்சுவார்த்தை இல்லை. இவர் மேலே வயரைப் போட்டார், சொல்லவில்லை. அவன் திறந்த கதவு வழியாகத் தலையை உள்ளே நீட்டினான். கீழே யாரோ பட்டனை அழுத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளை எதையும் மறைக்கவில்லை. கோர்ட் கொடுத்த தண்டனையை முழுசாக அனுபவித்தார். அது அவருக்குப் போதவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தாலே "ஆரம்பிச்சிடுச்சு மச்சான்" என்று வெளிறிப்போவார். எவ்வளவு சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் செத்தவனின் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். தனியாக விடப் பயந்து நானும் போனேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அந்தம்மாவின் காலில் விழுந்தார். டீக்கடையில் சொன்னதையும் சொல்லி அழுதார். "என்னைச் சபிச்சிடுங்கம்மா. எல்லாம் என் தலையிலயே விழட்டும், என் பொண்ணு மேல வேண்டாம்."

"எழுந்திரிப்பா. உன்னை எப்பவோ மன்னிச்சாச்சு."

"அப்போ அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?"

அந்தம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அது எனக்கு எப்படிப்பா தெரியும்? என் பிள்ளை என்ன தப்புப் பண்ணான்?"

நான் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

"தினமும் காலையில உன்னை மன்னிக்கிறேன்" என்றார் அந்தம்மா. "சாயங்காலத்துக்குள்ள அது போயிடுது. மறுநாள் மறுபடியும் முதல்லேர்ந்து. லாரிக்காரன் ஒரு தடவைகூட என் முன்னாடி வந்து நிக்கல. நீயும் வராதப்பா. உன் மூஞ்சியைப் பார்த்தா என்னால முடியல."