கல்லாப்பெட்டி மேல் இரண்டு எலுமிச்சம்பழம்

மூன்று வருஷம் முன்பு, ஒரு வைகாசி மாதக் காலையில், மதுரை வண்டியூர்ப் பக்கம் இருக்கும் என் கல் கடையில் நடந்தது இது. தரைக்கும் சமையல் மேடைக்கும் பாலிஷ் போட்ட கற்கள் விற்கிறேன். விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், என்ன கல் என்று சொல்லிவிடுவேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அன்று சௌராஷ்டிரா வீட்டு அம்மா ஒருவர், கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்துபவர், சமையல் மேடைக்குக் கல் பார்க்க வந்தார். புதிதாக வந்து இறங்கிய வெள்ளைக் கல்லைக் காட்டினேன். வெள்ளை கிரானைட், காலத்துக்கும் உழைக்கும் என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, மார்பிள் போலிருக்கிறதே என்றார். நாலு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக இதே பிழைப்பு மேடம் என்று சிரித்தேன்.

"சரிண்ணே, ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா கொடுங்க" என்றார்.

கடையில் இருந்தது ஒன்றே ஒன்று. கல்லாப்பெட்டி மேல், கண்ணாடி டம்ளர் தண்ணீரில் திருஷ்டிக்காக மிதக்க விட்டிருந்த பழம். அதைத் தொட யாருக்கும் மனசு வராது. ஆனால் வீம்பு விடுமா? எடுத்து அறுத்துக் கொடுத்தேன்.

அவர் கல்லின் ஓரத்தைச் சாவியால் சுரண்டி, அந்தப் பொடி மேல் சாற்றைப் பிழிந்தார். மெல்ல நுரைத்தது. பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகினால் கிரானைட், அதைச் சாவியும் சுரண்டாது, புளிப்பும் ஒன்றும் செய்யாது என்றார். கடலடியில் சிப்பியும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்தால் சுண்ணாம்புக்கல். அதுவே புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறினால் மார்பிள். உருமாறினாலும் உள்ளே சுண்ணாம்புதான், புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் அரித்து மங்கிவிடுமாம்.

அதே லோடில் வந்த கல்லைத்தான் அந்த நேரம் சோழவந்தானில் என் தங்கச்சியின் புது வீட்டுச் சமையலறையில் கொத்தனார் பதித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் கிரகப்பிரவேசம். அவள் மாமியார் கறுப்புக் கல்தான் கேட்டார். என் பேச்சை நம்புங்கள் என்று வெள்ளையைத் திணித்தவன் நான்.

சும்மா இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஆறு மாதம் கழித்துக் கல் மங்கினால், மருமகள் துடைத்த லட்சணம் என்றுதான் அந்த வீட்டில் பேசுவார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

உடனே போன் போட்டு வேலையை நிறுத்தினேன். கடையில் இருந்த கறுப்புக் கல்லைச் சாவியால் சுரண்டி, மீதிப் பழத்தையும் பிழிந்து, நுரைக்கவில்லை என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பதித்ததைப் பெயர்க்கச் சொல்லிவிட்டு, கொத்தனாரும் வீட்டு ஆட்களும் பார்க்க மாமியார் முன்னால் நின்று, தப்பு என்மேல்தான், தெரியாமல் மார்பிளைக் கொடுத்துவிட்டேன் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த அம்மா பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த காபியை ஊற்றி என் கையில் கொடுத்தார். கிளம்பும்போது தங்கச்சி வண்டி வரைக்கும் வந்தாள்.

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடி தப்பை ஒத்துக்கிட்டியே, அது போதும்ண்ணே" என்றாள்.

இன்றும் கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன், அந்தக் கெத்து போகவில்லை. ஆனால் என் கல்லாப்பெட்டி மேல் இப்போது இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும்: டம்ளரில் மிதப்பது ஊர்க் கண்ணுக்கு, பக்கத்தில் சாவியோடு இருப்பது என் வாய்க்கு.