துணைவியார் என்று நான் எழுதிய அம்மா

கொல்லிமலைத் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினேன். அச்சான புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி களத்தில் மிளகுக் கொத்துகளை மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. யாரோடு பேசினாலும் கால் நிற்காது. மிதித்தபடியே புத்தகத்தைப் புரட்டியவரின் கால் சட்டென்று நின்றது.

“ஏனுங்க, நான் வர்ற பக்கத்துலயெல்லாம் சோறுதான் போடறனுங்களா? ரோடு கேட்டு ஊர் ஊரா நடந்து மனுவுல கைநாட்டு வாங்குனது நானுங்க. அவரு அப்பக் காய்ச்சல்ல படுத்திருந்தாரு.”

“நீங்க சொல்லவே இல்லையேம்மா.”

“அவர்கிட்டத்தானுங்க எல்லாம் கேட்டீங்க. எங்கிட்டக் கேட்டது இன்னொரு கரண்டி கொழம்புதானுங்க.”

மறுபடி மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

புத்தகம் முழுக்க அவரைத் ‘துணைவியார்’ என்றே எழுதியிருக்கிறேன். தகவல் சேகரிக்க அந்த வீட்டில் தங்கிய மூன்று நாளும் அவர் கையால் சாப்பிட்டவன் நான். இதை எழுதும்போதும் அவர் பெயர் எனக்குத் தெரியாது.