ஞாயிற்றுக்கிழமைச் சுருட்டு

பீடியை விட்டவன் என்று போர்ட் பிளேரில் எனக்குக் கொஞ்ச காலம் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரையும் நான் எப்படிப் பற்றவைத்து ஊதித் தீர்த்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. லம்பா லைன் பகுதியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு குவார்ட்டர்ஸ். கல்யாணமான புதிதில் என் மாமன் மகளும் நானும் ஒரு வருஷம் அதில் குடித்தனம் செய்தோம். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. ஜன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும், மூடினால் என் பீடிப் புகை நிற்கும். நாளொன்றுக்கு முப்பது பீடி. அவளுக்கோ சின்ன வயசிலிருந்தே இழுப்பு. ஒரு ஆடி மாதம் மூன்று நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். வைத்தியம் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மழையை நிறுத்த என்னால் ஆகாது. பீடியை நிறுத்த உங்களால் ஆகும்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க உடனே ஒரு பீடி தேவைப்பட்டது.

அடுத்த கப்பலில் அவள் முசிறியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை போட அவளிடம் மூச்சு இல்லை. கப்பல் ஏறும் ஜெட்டியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், பீடிய விட்டுட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. பொய் மட்டும் வேணாம். மறு கப்பல்ல வந்துர்றேன்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எத்தனை பலகை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. கூரையில் மழை விழுந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பது போல இருக்கும். மழை நின்றால்தான் கஷ்டம். மெயின்லேண்டிலிருந்து இருபது நாள் பத்திரிகையும் ஒரே கட்டாகக் கப்பலில் வரும். நான் ஒரு நாளைக்கு ஒரு தாள் என்று வரிசையாக, தேதி தப்பாமல் படிப்பேன். உலகத்துக்கு மூன்று வாரம் பின்னால் நான் ஒருவன் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தேன்.

பீடியை விட ஆறு மாதம் பிடித்தது. அபர்டீன் பஜாரில் நான் வழக்கமாகப் பீடி வாங்கும் கடையைத் தவிர்க்க, அலுவலகத்துக்கு ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். வாயில் கிராம்பு. கிராம்பு தீர்ந்தால் அலுவலகப் பென்சில். பென்சில்களில் பல் தடம் பார்த்துவிட்டுத் தலைமை குமாஸ்தா எலிப்பொறி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பொறியும் வந்தது. அதை என் மேஜைக்கு அடியில்தான் வைத்தார்கள். அவர்கள் அறியாமலே சரியான இடத்தில் வைத்துவிட்டார்கள்.

ஒருவழியாக விட்டேன். நிஜமாகவே விட்டேன். அந்த ஒரு வரியை அவளுக்கு எழுதியபோது அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது.

அது சுருட்டு. மர வியாபாரம் பார்க்கும் ஒரு காண்டிராக்டர், ஏதோ காகிதம் சீக்கிரம் நகர்ந்த மகிழ்ச்சியில், ஊரிலிருந்து கொண்டுவந்த உறையூர்ச் சுருட்டில் ஒன்றை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பின், வீட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்து அதைப் பற்றவைத்தேன். பீடி என்பது அவசரம், நாலு இழுப்பில் முடிந்து அடுத்ததைக் கேட்கும். சுருட்டு அப்படி இல்லை. அவசரப்பட்டால் கசக்கும், மறந்தால் அணைந்துபோகும். புகையை உள்ளே இழுக்கக் கூடாது, வாயில் வைத்திருந்து, வெல்லமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு ருசி நாக்கில் தட்டியதும் விட்டுவிட வேண்டும். சாம்பல் ஒரு அங்குலம் விழாமல் நிற்கும். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

உடனே சட்டம் போட்டேன். ஞாயிறு மட்டும். ஒன்று மட்டும். வெளிப்படியில் மட்டும். நெஞ்சுக்குள் போகாத புகை புகையே அல்ல, இது ஒரு பொழுதுபோக்கு, சிலர் தபால்தலை சேர்ப்பதில்லையா, அது போல. இந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதியும் நான்தான், குற்றவாளியும் நான்தான். அதனால் வழக்கு சீக்கிரம் முடிந்தது.

தீவின் ஈரத்தில் சுருட்டு பூசணம் பிடிக்கும். அதற்காகப் பொரி நிரப்பிய டப்பாவில் புதைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். காதருகே உருட்டிப் பார்த்து, இலை பேசுகிற சத்தத்தை வைத்து, 'இன்னும் இரண்டு நாள் காயணும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கேட்க ஆளில்லாத நிபுணன். நாலைந்து மாதம், சத்தியமாக, வாரம் ஒன்றுக்கு மேல் தொடவில்லை. காண்டிராக்டரின் கையிருப்பு தீரும் நிலைக்கு வந்தது.

அப்போதுதான் என் அலுவலகத்துக் குளித்தலைக்காரர் லீவில் ஊருக்குக் கிளம்பினார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், மூக்குப்பொடி தவிர வேறு பழக்கமில்லாதவர். திரும்பும்போது தன் சம்சாரத்தையும் அழைத்துவரப் போகிறார் என்பதால், பெண் துணைக்காக இத்தனை மாதம் காத்திருந்த என் மனைவியும் அவர்களோடு கப்பலேறுவதாக ஏற்பாடு. கடிதத்தில் நாள்கூடக் குறித்துவிட்டாள். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, திருச்சி வழியாத்தானே போறீங்க? உறையூர்ல சுருட்டு ஒரு அம்பது," என்றேன்.

"அம்பதா? கடை போடப் போறியா தம்பி?"

"வருஷம் பூராவுக்கும்ணே."

எவ்வளவு பெரிய மடையன் நான் என்பது புரிய, தீவில் எங்களுக்குள் இருந்த ஒரு முறையைச் சொல்ல வேண்டும். லீவில் போகிறவன், தன் ஊர்ப் பக்கத்தில் யார் யார் வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் ஒரு நடை போய்த் தலைகாட்ட வேண்டும். இளைத்தானா, இருமுகிறானா, யார் சமைக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி, கொடுக்கிற பொட்டலத்தை வாங்கி வர வேண்டும். போகாமல் திரும்பியவனோடு மூன்று மாதம் யாரும் பேச மாட்டார்கள். நானே அப்படி ஒருவனோடு பேசாமல் இருந்திருக்கிறேன். இந்த முறையெல்லாம் தெரிந்த நான், சுருட்டு வாங்கி வாருங்கள் என்றுதான் சொன்னேன். வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

கப்பல் வருகிற வாரம் வீட்டைக் கழுவினேன். பலகைச் சுவர்களைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தபோது தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது. மூன்று முறை தேய்த்த பிறகுதான் வெளுத்தது. புதுப் பாய் வாங்கினேன். சட்டையை இரண்டு தடவை மாற்றிக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன்.

குளித்தலைக்காரர் இறங்கினார். அவர் சம்சாரம் இறங்கினார். அதற்குப் பிறகு இரண்டு வங்காளிக் குடும்பம், ஒரு ஆட்டுக்குட்டி, அப்புறம் யாருமில்லை.

"எங்கேண்ணே?"

"யாரு?"

"யாருன்னா? என் வீட்டுக்காரி."

"ஓ, தங்கச்சியா? அது வரல தம்பி. இந்த டின்னக் குடுத்துவிட்டுச்சு." ஒரு பெரிய பிஸ்கட் டின்னை என் கையில் வைத்தார். "பரிசல்ல ஆத்தத் தாண்டி முசிறிக்கே போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன், நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதில்ல?"

"சுருட்டு?"

"அதுவும் இதுக்குள்ளதான். கடல் காத்துல ஈரம் ஏறிடும்மா, உன் புருசன் சுருட்டு விசயத்துல ரொம்ப நறுவிசு, நல்லா கட்டிக் குடுன்னேன். என்னமா கட்டியிருக்கு பாரு. கெட்டிக்காரப் பொண்ணு!"

அவர் சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாளுக்குப் புரிந்திருந்தது. அண்ணனுக்கு அவர் சாகும்வரை புரியவில்லை.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு. அடியில் என் பழைய வேட்டித் துணியில் பத்துப் பத்தாக ஐந்து கட்டு. மேலே ஒரு தாள்.

'அன்புள்ள அத்தானுக்கு. பீடியை விட்டதாக எழுதினீர்கள், சந்தோஷம். சுருட்டு ஐம்பது இருக்கிறது, எண்ணிக்கொள்ளவும். இது தீர்ந்ததும் எழுதுங்கள், வருகிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டி போட வேண்டாம்.'

ஒரு திட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வரி எழுதி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

புதுப் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஞாயிறுக்கு ஒன்று என்றால் ஐம்பது வாரம். என் ஒழுக்கம் கெடாமல் இருந்தால் அவள் வர ஒரு வருஷம். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பழைய பீடிக் கடைக்கு, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தீவிலேயே பிறந்தவர், ஹிந்திதான் பேசுவார்.

"அரே பாபு, ஜிந்தா ஹோ?" என்று, உயிரோடுதான் இருக்கிறாயா என்று வரவேற்றார். ஒன்றை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யே தோ லக்டி ஹை," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விறகுக் கட்டையாம். அவர் எச்சில் செய்ததைப் பாழாக்க மனசில்லாமல் வரும் வழியில் நானே பிடித்தேன். அன்று செவ்வாய்க்கிழமை.

கடலில் வீசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கையால் கட்டிக் கொடுத்ததை எப்படி வீசுவது என்று அன்றைக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

அப்புறம் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. தீர்ந்ததும் வருகிறேன் என்றுதானே எழுதியிருக்கிறாள்? அப்படியானால் நான் பிடிக்கிற ஒவ்வொரு சுருட்டும் அவளை முசிறியிலிருந்து ஒரு மைல் இந்தப் பக்கம் இழுக்கிறது. நான் என் சுகத்துக்காகவா பிடிக்கிறேன்? குடும்பத்துக்காக அல்லவா பிடிக்கிறேன்! உலகத்தில் பெண்டாட்டியின் பெயரால் புகைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முதல் வாரம் எட்டு. இரண்டாவது வாரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மழை பெய்தால் உபரியாக ஒன்று. மழை பெய்தது. மழைக்குப் படியில் உட்கார முடியாதென்று உள்ளே வந்தேன். ருசி எப்போது போனதென்று தெரியவில்லை. காதருகே உருட்டுவதை விட்டேன், பொரி டப்பாவை விட்டேன். வாயில் நிறுத்த வேண்டிய புகையை நெஞ்சு தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டது. மூன்றாவது வாரம் ஒரு காலை, அலுவலகத்துக்கு மேட்டைச் சுற்றாமல் நேர்வழியில் போய்க்கொண்டிருப்பதை, பாதி வழியில்தான் கவனித்தேன். கடைக்காரர் என் வழக்கமான பீடிக் கட்டை எடுத்து நீட்டினார்.

இருபதாம் நாள் ஐம்பதாவது சுருட்டு முடிந்தது. மறுநாள் கப்பல் கிளம்புகிறது, தபால் போய்விடும். காகிதத்தை எடுத்து, 'சுருட்டு தீர்ந்துவிட்டது, புறப்பட்டு வா,' என்று எழுதினேன். ஒரு எழுத்துப் பொய் இல்லை. இதற்கு முன்பும் அப்படித்தான் ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். படிக்கும்போது வாயில் பீடி இருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. சோடா உப்புப் போட்டுத் தேய்த்த பலகையில், என் தலை உயரத்துக்கு, மறுபடி ஒரு மஞ்சள் ஏறியிருந்தது. அதற்குக் கீழேதான் புதுப் பாய் விரித்திருந்தது. அந்தப் பாயில் அவள் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை மறக்கும் அளவுக்கு நான் இன்னும் நிபுணனாகவில்லை.

வேறு காகிதம் எடுத்தேன்.

'சுருட்டு இருபது நாளில் தீர்ந்தது. பீடி திரும்ப ஆரம்பித்துவிட்டேன். வீடு பழையபடி ஆகிவிட்டது. இப்போது வராதே.'

என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அதுதான் மிகச் சின்னக் கடிதம். பாதி நாள் ஆனது. தபாலில் சேர்த்துவிட்டு, கப்பல் கிளம்புவதைப் பார்க்க மறுநாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். என் கடிதத்தைத் தவிர எனக்கு வேண்டியவர் யாரும் அதில் இல்லை. இருந்தாலும் கையை ஆட்டினேன். மேல்தளத்தில் யாரோ ஒரு சர்தார்ஜி பதிலுக்கு ஆட்டினார்.

அவளிடமிருந்து இரண்டு கப்பலுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் ஒரு கார்டு வந்தது.

'இருபது நாளிலா? இருமல் எப்படி இருக்கிறது? முதலிலிருந்து ஆரம்பியுங்கள். எனக்கு அவசரமில்லை.'

அவளுக்கு அவசரமில்லை என்பது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவள் எழுதிய பொய் அது ஒன்றுதான். மறுநாள் மேட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமைக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் படியில் வந்து உட்காருவேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாது. முழங்கால் மேல் வைப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன். சுருட்டு பிடித்த காலத்தில் எனக்கு ஒரு மணி நேரம் தனிமை தெரியாமல் இருந்ததே, அந்த ஒரு மணி நேரமும் வட்டியோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் வந்து இறங்கும்வரை, அப்படிப் பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தேன்.